சங்கிலியும் பந்தியும்

2007 மார்ச் மாதம் இங்கிலாந்தின் ஹல் நகரிலிருந்து லண்டனுக்கு ஒரு கிறிஸ்தவக் குழு நடந்தே சென்றது. ஹல், வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பிறந்த ஊர். அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாமல் போராடிக் கொண்டுவந்த அடிமை வாணிகத் தடைச் சட்டத்துக்கு அந்த மாதத்தோடு 200 ஆண்டுகள் நிறைந்தன. நடந்தவர்களில் வெள்ளையர் சிலர் கழுத்தில் நுகத்தடியும் கைகளில் சங்கிலியும் பூட்டிக்கொண்டார்கள். முன்னோர் செய்த குற்றத்துக்கு உடம்பால் கேட்ட மன்னிப்பு அது. இத்தகைய திருப்பயணங்கள் இன்று பல திசைகளில் நடக்கின்றன. கானாவின் கேப் கோஸ்ட் கோட்டைக்குப் போகிறவர்கள், ஆண் அடிமைகளை அடைத்துவைத்த நிலவறைக்கு நேர் மேலே சிற்றாலயம் இருந்த இடத்தைப் பார்த்துப் பேச்சிழந்து நிற்கிறார்கள். சான்சிபாரில் ஆங்கிலிக்கன் பேராலயம், அடிமைச் சந்தை நடந்த மண்ணிலேயே எழுந்திருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவருக்கும் யாத்திரை புதிதல்ல. கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத்துக்கே 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயர் வைத்தார். வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம், எருசலேமுக்கு விமானம் ஏறுகிறோம். அடிமை ஒழிப்பின் வரலாற்றைத் தேடி நம் சபை ஒன்று புறப்பட்டால் எங்கிருந்து புறப்பட வேண்டும்? தரங்கம்பாடி என்று சிலர் சொல்வார்கள். சீகன்பால்கு 1707இல் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். நாகர்கோவில் என்பார்கள் சிலர். திருவிதாங்கூர் அடிமைகளுக்காக மிஷனெரிகள் மனு எழுதிய வட்டாரம் அது. இரண்டும் நல்ல விடைகள். ஆனால் நான் பசுமலை என்பேன். நம்மைப் பெருமைப்படுத்தி மட்டும் அனுப்பாமல், கேள்வி கேட்டு அனுப்பக்கூடிய இடம் அதுதான்.

பசுமலை, 1834 முதல் 1847 வரை

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் வழியில், பழங்காநத்தம் தாண்டி வரும் சிறு குன்று பசுமலை. சமணர் ஏவிய மாயப்பசு மலையாகிக் கிடக்கிறது என்பது திருவிளையாடற் கதை. குன்றின் அடியில் பரந்திருக்கும் தேவாலயமும் பள்ளிகளும் பழைய பங்களாக்களும் அமெரிக்கன் மதுரை மிஷன் விட்டுச் சென்றவை. போஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷனெரிச் சங்கம் 1810இல் பிறந்தது. 1816இல் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றியது. அங்கிருந்து 1834 ஜூலையில் ஹோய்சிங்டன், டாட் என்ற இரு மிஷனெரிகளை மதுரைக்கு அனுப்பியது.

அடுத்த மாதமே, 1834 ஆகஸ்ட் 1 அன்று, பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கரீபியன் தீவுகளிலும் மொரிஷியஸிலும் தென்னாப்பிரிக்காவிலுமாக ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் சட்டப்படி அடிமைநிலையிலிருந்து நீங்கினார்கள். உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு. அடிமைப்பட்டவருக்கு ஒரு காசும் இல்லை. இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் உண்டு. பாடத்தில் இல்லாதது அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆளும் நாடுகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. உலகம் முழுவதும் விளக்கேற்றிக் கொண்டாடிய விடுதலை நாளில் மதுரைச் சீமையின் பண்ணையாளுக்கு எதுவும் மாறவில்லை.

மிஷனெரிகள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தின் தேசவழமையை டச்சுக்காரர் 1707இல் எழுத்தில் தொகுத்தபோது அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி அதில் இடம்பெற்றது. யார் யாருடைய அடிமை, எந்தச் சாதியார் எந்த வகை அடிமை, பிள்ளைகள் யாருக்குச் சேரும் என்றெல்லாம் அது பிரித்துச் சொல்கிறது. 1816 ஆகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கும் அடிமைக் குழந்தைகள் சுதந்திரர் என்று இலங்கையில் ஏற்பாடு வந்தது. அடிமைமுறை முற்றாக நீங்கியது 1844இல். ஆகவே வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் பணிசெய்துவிட்டு மதுரைக்கு வந்தவர்கள், தமிழ் ஊரில் அடிமை என்றால் என்ன என்பதைக் கண்ணால் கண்டவர்கள்.

இந்தியாவுக்கான சட்டம் 1843 ஏப்ரலில் வந்தது. அந்த ஆண்டின் 5ஆம் சட்டம், நான்கே பிரிவுகள். வரிப்பாக்கிக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பின்படியோ அரசு அதிகாரி எவரும் ஒருவரை அடிமை என்று விற்கக் கூடாது. அடிமை மேல் உரிமை கொண்டாடி நீதிமன்றம் ஏறினால் அந்த உரிமை செல்லாது. அடிமை என்பதைக் காரணம் காட்டி ஒருவர் ஈட்டிய பொருளைப் பறிக்க முடியாது. சுதந்திரருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். அவ்வளவுதான். "நீ விடுதலை பெற்றவன்" என்று சட்டம் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அடிமை வைத்திருப்பதையே குற்றமாக்கவும் இல்லை. அதற்கு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீதிமன்றத்துக்குப் போகத் தெரிந்தவருக்கு மட்டுமே 1843இன் சட்டம் பயன்படும். பண்ணையாள் நீதிமன்றத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. எஜமானர் இழந்தது அடிமை ஓலையின் சட்ட வலிமையை. நிலம், கடன், குடிசை போட்டிருந்த மனை மூன்றும் அவர் கையிலேயே இருந்தன.

இனி 1845. வில்லியம் டிரேசி என்ற மிஷனெரி 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியை அந்த ஆண்டு பசுமலைக்குக் கொண்டுவந்தார். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கும் பள்ளி அது. பிற்காலத்தில் அதன் கல்லூரிப் பகுதிதான் மதுரைக்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. பசுமலையில் கட்டடம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டில், அதற்குப் பணம் அனுப்பிய அமெரிக்கன் போர்டு நியூயார்க்கை அடுத்திருந்த புரூக்ளினில் தன் ஆண்டுக் கூட்டத்தை நடத்தியது. அங்கே கொதித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: அடிமை வைத்திருப்பவர் சபையின் உறுப்பினராக இருக்கலாமா?

கேள்வி ஏட்டளவிலானது அல்ல. அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி, சொக்டா மக்களிடையே போர்டு நடத்திய மிஷன்களில் அடிமை உடைமையாளர்களும் அவர்களின் அடிமைகளும் ஒரே சபையில் உறுப்பினர்களாக இருந்தார்கள். செரோக்கிகளின் நில உரிமைக்காக ஜார்ஜியா மாநிலச் சிறையில் கிடந்த சாமுவேல் வொர்செஸ்டர் இந்தப் போர்டின் மிஷனெரிதான். துணிச்சல் இல்லாதவர்கள் என்று இவர்களைத் தள்ளிவிட முடியாது. இருந்தும் புரூக்ளினில் ஏற்ற அறிக்கை, அடிமை வைத்திருக்கிறார் என்ற ஒன்றுக்காக மட்டும் ஒருவரைச் சபையிலிருந்து விலக்க வேண்டியதில்லை என்றது. சமுதாயத்தின் அமைப்பிலேயே ஊறிப்போன தீமையை மெதுவாகத்தான் களைய முடியும், தனிமனிதர் தலையில் சுமத்த முடியாது என்பது அந்தத் தரப்பின் வாதம். சினமடைந்த அடிமை ஒழிப்பாளர்கள் 1846இல் வெளியேறி அமெரிக்கன் மிஷனெரி அசோசியேஷன் என்ற தனிச் சங்கம் கண்டார்கள். அமிஸ்தாத் கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களின் வழக்கை நடத்திய குழு அதற்கு முன்னோடி. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ஃபிஸ்க் போன்ற கல்விக்கூடங்களைக் கட்டியதும் இந்தச் சங்கமே.

மறு ஆண்டு, 1847. மதுரை மிஷன் தன் உபதேசியார்களையும் சபையாரையும் பார்த்து, சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்த எழுபதுக்கும் மேற்பட்டோர் சபையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். பசுமலை செமினரியிலிருந்து மாணவர்கள் வெளியேறினார்கள். சில காலம் பள்ளியே வெறிச்சோடியது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இலேயே, சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதனால் சபைகள் பிளந்தன. ஆனாலும் மதுரையில் போல ஊர் ஊராகப் பந்தியைப் போட்டு முகத்துக்கு முகம் கேட்டது அரிது.

1845, 1847 என்ற இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரே சங்கம். மதுரையில், பக்கத்து இலைக்காரர் தாழ்ந்த சாதி என்று எழுந்து போனவரைத் திருவிருந்தில் சேர்க்கவில்லை. அமெரிக்காவில், பக்கத்தில் நிற்பவரையே விலைக்கு வாங்கி வைத்திருந்தவரைத் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டது. சொக்டா மிஷனோடு போர்டு உறவை முறித்துக்கொண்டது 1859இல்தான். மதுரையின் சாதி சமுதாயத்தின் அமைப்பில் ஊறிய தீமை இல்லையா? அதை ஏன் மெதுவாகக் களையச் சொல்லவில்லை? எனக்குக் கிடைக்கும் விடை இதுதான்: சாதியை விடச் சொன்னதால் போஸ்டனில் நன்கொடை குறையவில்லை. அடிமையை விடச் சொன்னால் குறைந்திருக்கும்.

இதனால் 1847இன் பந்தி தவறு என்று நான் சொல்லவில்லை. அது சரி. தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வரலாற்றில் அதைவிடத் தெளிவான செயல் அதிகம் இல்லை. குறை வேறு இடத்தில். தேர்வு வைத்தவர் சம்பளம் கொடுப்பவர். எழுதியவர் சம்பளம் வாங்குபவர். மிஷன் பங்களாவின் சாப்பாட்டு மேசைக்கு உபதேசியார் எத்தனை முறை அழைக்கப்பட்டார் என்ற கேள்வியை அந்தத் தேர்வு கேட்கவில்லை. யாத்திரையின் முதல் நாளில் பசுமலை ஆலயத்தின் நிழலில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்: அடுத்த வீட்டுத் தீமைக்கு நாம் வைக்கும் சட்டத்தை நம் வீட்டுக்கு ஏன் வைப்பதில்லை?

ஓலை

இரண்டாம் நாள் தெற்கே, கடற்கரை நோக்கி. போகும் வழியில் வண்டிக்குள் பேச ஒரு செய்தி உண்டு. நம்மூரில் அடிமை இருந்ததே இல்லை, அது அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்தது என்று நம்புகிற படித்தவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். சுந்தரர் திருமணத்தில் முதியவர் வடிவில் வந்த சிவன், வழக்காட எதைக் காட்டினார்? ஆளோலையை. பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை பேரனையும் கட்டும் என்பதும், சபை கூடி அந்த ஓலையின் கையெழுத்தைச் சரிபார்க்கும் என்பதும் கேட்டவர்களுக்குப் புரிந்ததால்தான் அந்தக் கதை நின்றது. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு ஒன்று, 1201இல் பஞ்சத்தில் அடிபட்ட வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு 110 காசுக்குக் கோயிலுக்கே விலையானதைச் சொல்கிறது. வேளாளரைப் பஞ்சம் அடிமையாக்கியது. பள்ளரையும் பறையரையும் புலையரையும் பிறப்பே அடிமையாக்கியது. பஞ்சம் முடிந்தால் முதல்வகைக்கு ஒரு வழி உண்டு. இரண்டாம் வகைக்கு மழை பெய்தாலும் வழியில்லை.

தூத்துக்குடி வந்ததும் இறங்க வேண்டிய இடம், கடற்கரைச் சாலையில் 1750இல் டச்சுக்காரர் கட்டிய தேவாலயம். 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து இந்தத் துறைமுகத்தை டச்சுக் கம்பெனி பிடித்தது. முத்து, சங்கு, துணி என்று அதன் சரக்குகளைப் பட்டியலிடும் வரலாறுகள் மனிதச் சரக்கை ஒரு வரியில் தாண்டிவிடும். டச்சு ஆவணங்களை ஆராய்ந்த மார்கஸ் விங்க் தரும் கணக்கு நம்மை நிறுத்தி வைக்கிறது. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பீஜப்பூர்ப் படைகள் சூறையாடியபோது நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கியது. பெரும்பகுதியினர் இலங்கைக்கு ஏற்றப்பட்டார்கள். மற்றவர்கள் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1673இல் மதுரைச் சீமையில் மழை பொய்த்தது. தஞ்சைக்காக மதுரை நாயக்கரும் மராத்தியரும் மோதினார்கள். வரி வசூல் கசக்கிப் பிழிந்தது. 1673க்கும் 1677க்கும் இடையில் மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாகக் கப்பலேறினார்கள்.

1,839 பேர். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. வாங்கியவர்கள் ஞாயிறு தவறாமல் வேதம் வாசித்த சீர்திருத்தச் சபையார். விற்றவர்கள் நம்மவர்கள்: பசியில் பிள்ளையை விற்ற பெற்றோரும், பிடித்து வந்து விற்ற தரகர்களும், வரிக்காக விற்கவைத்த அதிகாரிகளும். ஹல் நகரத்து வெள்ளையர் போல மன்னிப்புக் கேட்க இங்கே ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால், டச்சுக்காரர் ஒருவரோடு தமிழர் ஒருவரும் நிற்க வேண்டியிருக்கும்.

தூத்துக்குடிக்கு வரும் வழியில், திருமங்கலம் தாண்டி விருதுநகர், சாத்தூர் வரை விரிகிற கரிசல் காடு வேறொரு கதை சொல்லும். 1839இல் லண்டனில் ஜார்ஜ் தாம்சன் உள்ளிட்ட அடிமை ஒழிப்பாளர்கள் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டியைத் தொடங்கினார்கள். இந்தியப் பஞ்சை வாங்கினால் அமெரிக்க அடிமைப் பஞ்சு விலைபோகாது, அடிமைமுறை தானே சரியும் என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவில் வாழ்ந்திருந்த வில்லியம் ஆடம் 1840இல் ஒரு நூல் எழுதினார். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறை சட்டத்திலும் வழக்கத்திலும் எப்படி வேரோடியிருக்கிறது என்பதை அடிமை ஒழிப்புத் தலைவர் பக்ஸ்டனுக்கு எழுதிய கடிதங்களாக அதில் விவரித்தார். சுதந்திர உழைப்பின் பஞ்சு என்று முத்திரை குத்துவதற்கு முன் அதை விதைத்த கை யாருடையது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதே 1840இல் ஆங்கிலக் கம்பெனி அரசு பஞ்சுச் சாகுபடி கற்றுக்கொடுக்க அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து தோட்டக்காரர்கள் பத்துப் பேரை அழைத்து வந்தது. அடிமை மாநிலத்துத் தோட்டக்காரர்களைக் கொண்டு 'சுதந்திரப் பஞ்சு' வளர்க்கும் முயற்சி அது.

மயிலாடியும் நாகர்கோவிலும்

தெற்கே போய்ச் சேரும் ஊர் மயிலாடி. இங்கே ஒரு யாத்திரிகரின் கதை காத்திருக்கிறது. 1799 வாக்கில் மகாராசன் என்ற சாம்பவர் ஒருவர் தம் உறவினரோடு மயிலாடியிலிருந்து சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நந்தனார் கதையைக் கேட்டு வளர்ந்த சாதியாருக்குச் சிதம்பரம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போக முடியாத கோயிலுக்காக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சபையாரைச் சந்தித்து, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவர் அழைத்தே ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனெரி 1806இல் மயிலாடி வந்தார்; 1809இல் ஆலயம் எழுந்தது. மிஷனெரி வந்து அடிமைகளைக் கண்டெடுத்தார் என்று நாம் சொல்லிப் பழகிய கதை இங்கே செல்லாது. தேடி நடந்தவர் சாம்பவர். மிஷனெரி அந்த நடையின் பின்னால் வந்தவர்.

அப்போதைய திருவிதாங்கூரில் 1836இல் எடுத்த கணக்கின்படி மக்கள் தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டில் ஒருவர். அரசே அடிமை உடைமையாளராக இருந்தது. சர்க்கார் அடிமைகள் என்று தனிக்கணக்கு. ராணி கௌரி லட்சுமி பாய் 1812இல் அடிமை வாணிகத்தைத் தடைசெய்த ஆணையிலும் வயலோடு கட்டப்பட்ட சாதிகளுக்கு விடிவு இல்லை. 1847இல் மிஷனெரிகள் மகாராஜாவுக்கு மனு எழுதினார்கள். 1853இல் சர்க்கார் அடிமைகளின் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு விடுதலை. 1855 ஜூன் 24 அன்று அடிமைமுறை முழுவதும் ஒழிந்ததாக அறிவிப்பு. மனு எழுதியவர்களுக்கு நன்றி உண்டு. ஆனால் நாகர்கோவிலில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் மனுக்கள் அல்ல, பின்னல் ஊசி. மிஷனெரி மால்ட்டின் மனைவி மார்த்தா 1820களில் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்கள் பின்னி விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள் என்று லண்டன் மிஷன் வரலாறு பதிந்திருக்கிறது. நூலும் ஊசியும் இரவு விளக்குமாக வாங்கிய விடுதலை. அதன் முன்னால் 1843இன் சட்டம் சிறுத்துப்போகிறது.

மத்திய திருவிதாங்கூரில் மல்லப்பள்ளி அருகே அடிமைகளுக்கென்றே ஒரு பள்ளி 1850 அளவில் தொடங்கியது. பகல் முழுவதும் எஜமானின் வயல், எழுத்து இரவில். அதற்கு முதல் தூண்டுதலாக நின்ற ராக்லாண்டு என்ற மிஷனெரி பிறகு வடதிருநெல்வேலிச் சிற்றூர்களில் சுற்றித் திரிந்து 1858இல் சிவகாசியில் இறந்தார். திரும்பி வரும் வழியில் சிவகாசியில் நின்று அவரை நினைக்கலாம். மல்லப்பள்ளியில் 1854இல் ஞானஸ்நானம் பெற்ற தெய்வத்தான் என்ற அடிமையின் பெயரும் ஏட்டில் இருக்கிறது. தூத்துக்குடியின் 1,839 பேரை நினைத்துப் பார்த்த பிறகு, ஒரு பெயர் கிடைப்பதே எவ்வளவு பெரிது என்று விளங்கும்.

நேரம் இருந்தால், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப் வரை போய்வர வேண்டும். 1834இல் கரும்புத் தோட்டத்து அடிமைகள் விடுதலை பெற்றதும் அவர்கள் இடத்தை நிரப்பக் கப்பலேறியவர்களில் தமிழர் பெருந்தொகையினர். மொரிஷியஸ், பின்னர் 1860 முதல் நேட்டால், அதற்கும் பிறகு ஃபிஜி என்று ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் நடந்தே போனார்கள். கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டம் போக முடியாதபடி 'துண்டு' அவர்களைக் கட்டியது. ஒப்பந்தக் கூலிமுறையை முடிக்க ஃபிஜிவரை போய்ப் பார்த்து எழுதிப் போராடிய சி.எஃப்.ஆண்ட்ரூஸ் கிறிஸ்தவக் குருவானவர். 1917இல் அந்த ஏற்றுமதி நின்றது. அடிமைமுறையின் ஒரு வாசல் மூடியபோது பின்வாசல் திறந்ததையும் யாத்திரிகர் அறிய வேண்டும். அந்தப் பின்வாசல் வழியே போனவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

ஒரே உலை

யாத்திரை மதுரையிலேயே முடியட்டும். அரசரடியில், 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில். பசுமலையிலிருந்து நகரப் பேருந்தில் வந்துவிடக்கூடிய தூரம், 1847இலிருந்து நெடுந்தூரம். அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பாமர மக்கள் 'பரட்டை அண்ணன்' என்று அழைத்தவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே மாற்றி அமைத்தார். அவர் இறையியலின் நடு எதுவென்று கேட்டால், ஒரே உலை. எல்லார் அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும், எல்லாரும் அதிலிருந்து உண்ண வேண்டும். திருவிருந்தை அவர் அப்படித்தான் விளக்கினார். 1847இல் பந்தியை மிஷனெரி கட்டளையாகப் போட்டார். அப்பாவுவிடம் அது சேரிக்காரர் விடுத்த அழைப்பாக வந்தது. தெற்கத்திச் சபைகளில் அசன விருந்து நடக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு என் நினைவுக்கு வரும்.

இந்த நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல். வில்பர்ஃபோர்ஸின் சட்டத்துக்கு 169 ஆண்டுகள் கழித்து. செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மீட்கப்படுகிற குடும்பத்துக்குக் கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் இன்றும் தரப்படுகிறது. ஆளோலையில் தொடங்கிய கதை இன்னும் ஒரு தாளில்தான் முடிந்துகொண்டிருக்கிறது. முன்பணம் என்று ஒரு தொகையைக் கொடுத்து, மொத்தக் குடும்பத்தையும் சூளைக்குள் இருத்திக்கொள்கிற எஜமானர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. நாமும் அதில் அடக்கம்.

கேரளத்தில் திருவல்லா பக்கத்து இரவிப்பேரூரில் பொய்கையில் யோகன்னான் தொடங்கிய சபை இருக்கிறது. சாதி பார்த்த சபைகளை விட்டு வெளியேறி 1910 வாக்கில் அவர் அதைக் கட்டினார். தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம் விற்கப்பட்ட அடிமைக் காலத்தை அங்கே இன்றும் பாடி அழுகிறார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரை மறக்காமல் இருக்கும் வழிபாடு அது. அடிமைத்தனத்தின் நினைவை வழிபாட்டிலேயே வைத்துக் காக்கும் அப்படியொரு சபையைத் தமிழ்நாட்டில் நான் பார்க்கவில்லை. வெட்கம் அதற்கு ஒரு காரணம். அந்த வெட்கம் பட வேண்டியவர்கள் அடிமைப்பட்டவர்கள் அல்ல.

பசுமலையிலோ திருமங்கலத்திலோ மேலூரிலோ உங்கள் சபை நூறு ஆண்டு கடந்ததென்றால், ஆலய அலமாரியில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு கிடக்கும். கரையான் தின்பதற்கு முன் அதைத் திறந்து, பெயர், ஊர், செய்த வேலை, யாருடைய பண்ணை என்று எழுதியிருப்பதைப் படியெடுங்கள். எண்பது தாண்டிய பெரியவர்களிடம் அவர்களுடைய பாட்டி தாத்தா என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கல்லறைத் தோட்டத்தில் யார் எந்த ஓரத்தில் கிடக்கிறார்கள், நடுவில் சுவர் உண்டா என்று பாருங்கள். பிறகு, பயணத்துக்கு நாள் குறியுங்கள்.